தகுதியும் பலவீனமும்: 1972ஆம் ஆண்டின் ஒரு வேட்பாளரை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஒருவர் ஒரு பதவிக்குத் தகுதியுடையவரா என்று தீர்ப்புச் சொல்வது எளிதான செயலன்று. ஆயினும் தேர்தல் காலங்களில் இத்தகைய தீர்ப்பு நாளேடுகளிலும் மேடைகளிலும் மிகுந்த துணிவோடு வழங்கப்படுகிறது. எந்த அளவுகோலைக் கொண்டு அது வழங்கப்படுகிறது என்று வினவுவோர் சிலரே. இக்கட்டுரையில் நாம் ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1972ஆம் ஆண்டில் ஜனநாயகக் கட்சியின் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராகத் தெரிந்துகொள்ளப்பட்டு, பதினெட்டு நாட்களில் விலக நேர்ந்த செனட்டர் தாமஸ் ஈகிள்டனின் நிகழ்ச்சியே அது.

இந்நிகழ்ச்சியைத் தெரிந்துகொண்டமைக்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, இதில் தொடர்புடைய முக்கியமானவர்கள் இன்று உயிரோடில்லை. ஈகிள்டன் 2007இலும், அவரைத் தெரிந்துகொண்ட ஜார்ஜ் மெக்கவர்ன் 2012இலும் காலமாயினர். ஆகவே கட்சிச் சார்பின் வெப்பமின்றி இதனை நோக்குவது நமக்கு இயலும். இரண்டாவது, மெக்கவர்ன் ஒரு மெதடிஸ்டு போதகரின் மகன். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டித் திரும்பிய பின் காரெட் இறையியல் கல்லூரியில் பயின்று, சிறிது காலம் ஒரு சபையில் மாணவப் போதகராகப் பணிபுரிந்தவர். மனிதரை மதிப்பிடுவதிலும் தாங்குவதிலும் பயிற்சி பெறத் தொடங்கிய ஒருவர், அரசியல் நெருக்கடியில் அதனை எவ்வாறு கையாண்டார் என்பது இறையியல் பயில்வோர் கவனிக்கத்தக்க செய்தியாகும்.

1. பதவியின் இயல்பு

தகுதியை ஆராயுமுன் பதவியை ஆராய வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பின்படி துணைக் குடியரசுத் தலைவருக்குரிய நேரடிப் பணிகள் மிகச் சில. அவர் செனட் சபைக்குத் தலைமை தாங்குகிறார். அங்கு வாக்குகள் சமமாகப் பிரியும்போது மட்டும் தம் வாக்கை அளிக்கிறார். மற்றபடி அவருடைய பணி காத்திருப்பதே என்று சொன்னால் அது மிகையன்று. ஆனால் அந்தக் காத்திருத்தல் எந்த நாழிகையிலும் முடிவுறலாம். இதுவரை ஒன்பது துணைத் தலைவர்கள் தேர்தலின்றியே தலைமைப் பதவிக்கு உயர்ந்துள்ளனர். எண்மர் தலைவரின் மரணத்தினாலும் ஒருவர் தலைவரின் பதவி விலகலினாலும் அவ்வாறு உயர்ந்தனர். ஹாரி ட்ரூமன் துணைத் தலைவராக இருந்த காலம் 82 நாட்களே. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்தபோது, அணுகுண்டுத் திட்டத்தின் விவரங்கள்கூட ட்ரூமனுக்கு அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. நான்கு மாதங்களுக்குள் அக்குண்டைப் பயன்படுத்தும் முடிவு அவர் பொறுப்பாயிற்று.

ஆகவே இப்பதவிக்குரிய தகுதியைப் பற்றிய வினா தெளிவானதே. இன்றிரவே தலைமைப் பொறுப்பு இவர்மீது விழுமானால், இவர் அதனைத் தாங்குவாரா? அரசியலமைப்பின் பன்னிரண்டாம் திருத்தமும், குடியரசுத் தலைவராவதற்குச் சட்டப்படி தகுதியற்றவர் துணைத் தலைவராகவும் இயலாது என்று கூறுகிறது. ஆனால் கட்சிகள் வேட்பாளரைத் தெரிந்துகொள்ளும்போது இவ்வினா அரிதாகவே முதலிடம் பெறுகிறது. தலைவர் வேட்பாளர் எந்த மாநிலத்தில் வலுவற்றவர், எந்தச் சமயத்தாரின், எந்தத் தொழிற்சங்கங்களின் ஆதரவு அவருக்குக் குறைவு என்பவையே முதலில் எண்ணப்படுகின்றன. ஈகிள்டன் கத்தோலிக்கர்; நகரத்தவர்; மிசௌரி மாநிலத்தவர்; தொழிற்சங்கங்களோடு நல்லுறவு கொண்டவர். சமவெளி மாநிலத்திலிருந்து வந்த புராட்டஸ்டண்டு வேட்பாளருக்கு இவை யாவும் துணைசெய்யும் என்று கருதப்பட்டது. கருதியது தவறன்று. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் முற்கூறிய வினாவுக்கு விடையாகாது.

2. பதினெட்டு நாட்கள்

நிகழ்ந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1972 ஜூலை இரண்டாம் வாரத்தில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு ஃபுளோரிடாவிலுள்ள மயாமி பீச்சில் கூடியது. மெக்கவர்ன் தம் வேட்பாளர் நிலையை உறுதிசெய்யக் கடைசிவரை போராட வேண்டியிருந்ததால், துணைத் தலைவரைப் பற்றிச் சிந்திக்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. எட்வர்ட் கென்னடி இணங்குவார் என்று நெடுநாள் எதிர்பார்த்திருந்தார், கென்னடி மறுத்துவிட்டார். ஜூலை 13 காலையில் ஆலோசகர்கள் கூடிப் பெயர்களைப் பட்டியலிட்டனர். அன்று மாலை 4 மணிக்குள் பெயரை அறிவிக்க வேண்டும். கேட்கப்பட்ட சிலர் மறுத்தனர். ஒருவருடைய பெயருக்கு அவருடைய மாநிலப் பேராளர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் ஈகிள்டன் தொலைபேசியில் அழைக்கப்பட்டார். அவர் உடனே இசைந்தார். மெக்கவர்னின் உதவியாளர் ஃப்ராங்க் மான்கிவிட்ஸ் அதே தொலைபேசியில், பின்னர் சங்கடம் விளைவிக்கக்கூடிய செய்தி ஏதேனும் உண்டா என்று கேட்டார். இல்லை என்று ஈகிள்டன் விடையளித்தார். உலகின் வலிமைமிக்க அரசின் இரண்டாம் இடத்துக்குரிய ஆய்வு அவ்வளவே.

ஆனால் செய்தி இருந்தது. ஈகிள்டன் 1960, 1964, 1966 ஆகிய ஆண்டுகளில் மனச்சோர்வு நோய்க்காக மருத்துவமனையில் தங்கியிருந்தார். அவற்றுள் இருமுறை மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் பெற்றிருந்தார். அக்காலத்தில் வயிற்றுக் கோளாறு முதலிய காரணங்கள் வெளியே சொல்லப்பட்டன. மாநாடு முடிந்த சில நாட்களில் இச்செய்தி பத்திரிகையாளர் செவிக்கு எட்டியது. ஜூலை 25 அன்று தெற்கு டக்கோட்டாவின் மலைப்பகுதியில் மெக்கவர்ன் அருகிலிருக்க ஈகிள்டன் தாமே அதனை வெளியிட்டார். தாம் ஆயிரம் விழுக்காடு ஈகிள்டனுக்கு ஆதரவாக நிற்பதாக மெக்கவர்ன் அறிவித்தார். ஆனால் நாட்டின் முன்னணி நாளேடுகள் ஈகிள்டன் விலக வேண்டுமென எழுதின. பத்தி எழுத்தாளர் ஜாக் ஆண்டர்சன், குடித்துவிட்டு வாகனம் ஓட்டியதாக ஈகிள்டன்மீது வழக்குகள் இருந்தன என்று ஆதாரமின்றி அறிவித்து, பின்னர் அதனைத் திரும்பப் பெற நேர்ந்தது. சில நாட்களுக்குள் மெக்கவர்ன் தாம் தங்கியிருந்த விடுதியின் உணவறையில் நிருபர்களின் மேசைகளுக்குச் சென்று, ஈகிள்டன் தாமே விலகுவது நலம் என்னும் பொருள்படப் பேசினார். ஜூலை 31 அன்று ஈகிள்டன் விலகினார். அவருடைய இடத்தில் சார்ஜென்ட் ஷ்ரைவர் நியமிக்கப்பட்டார். நவம்பரில் மெக்கவர்ன் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் தலைநகர் வாஷிங்டனிலும் மட்டுமே வெற்றி பெற்றார்.

3. கேட்கப்படாத கேள்வி

இப்பதினெட்டு நாட்களில் உண்மையில் எந்தக் கேள்விக்கு விடை தேடப்பட்டது? கூர்ந்து நோக்குமிடத்து மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து நிற்பதைக் காண்கிறோம். இவர் வெற்றிக்கு உதவுவாரா என்பது முதற்கேள்வி. இவரிடம் மறைவான செய்தி உண்டா என்பது இரண்டாவது. இவர் அப்பொறுப்பைத் தாங்குவாரா என்பது மூன்றாவது. ஜூலை 13 அன்று முதற்கேள்வி நாள் முழுதும் பேசப்பட்டது, இரண்டாவதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கப்பட்டது, மூன்றாவது கேட்கப்படவேயில்லை. ஜூலை 25க்குப் பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. விலகல் அறிவிக்கப்பட்டபோது அதற்குக் கூறப்பட்ட காரணம் என்ன? ஈகிள்டனின் உடல்நலம் காரணமன்று. அதைப் பற்றிய விவாதம் நாட்டின் பிற சிக்கல்களை மறைத்துவிடுகிறது என்பதே காரணம் எனப்பட்டது. அதாவது, அவர் தகுதியற்றவர் என்று எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. தகுதியுடையவர் என்றும் சொல்லவில்லை. தகுதியைப் பற்றிய பேச்சே ஒரு தடையாகிவிட்டது என்று சொல்லி அவர் அகற்றப்பட்டார்.

இதனை நாம் கடுமையாகவே விமரிசிக்க வேண்டியுள்ளது. ஆராய்ந்து தகுதியற்றவர் என்று காணப்படுபவர் அதனை மறுத்து வாதாடலாம். காலப்போக்கில் அதனைத் திருத்தவும் காட்டலாம். ஆராயாமலேயே அகற்றப்படுபவர் எதனை மறுப்பார்? அவர்மீது எழுந்த ஐயம் தீர்ப்பின் வலிமையைப் பெற்று, ஆயுள் முழுவதும் அவரைத் தொடர்கிறது. ஈகிள்டன் அதற்குப் பின்னரும் பயனுள்ள பணி புரிந்தார். 1973இல் கம்போடியாவின்மீது குண்டுவீசுவதற்குரிய நிதியை நிறுத்தும் திருத்தத்தைச் செனட்டில் முன்வைத்தார். மிசௌரி வாக்காளர் அவரை 1974இலும் 1980இலும் மீண்டும் தெரிந்துகொண்டனர். ஆயினும் மக்கள் நினைவில் அவர் பெயர் 1972ஆம் ஆண்டின் அந்தப் பதினெட்டு நாட்களோடு கட்டுண்டே நின்றது.

இங்கு நேர்மையாகச் சிந்திப்போர் ஓர் எதிர்வாதத்தையும் எடைபோட வேண்டும். மெக்கவர்ன் ஈகிள்டனின் மருத்துவர்களோடு தனிமுறையில் பேசினார். நோய் மீண்டும் வரக்கூடும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அணு ஆயுதங்களைக் கையாளும் அதிகாரம் உள்ள பதவியில் இத்தகைய ஐயத்தைச் சிறிதென்று தள்ளிவிடலாகாது. ஈகிள்டன் செனட்டில் நன்கு பணியாற்றினார் என்பதும் இதற்கு முழு விடையாகாது. செனட்டரின் சுமை வேறு, தலைவரின் சுமை வேறு. இவ்வாதத்தின் வலிமையை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவ்வாதம் மூன்றாம் கேள்வியைச் சார்ந்தது. அது உண்மையாகவே கருதப்பட்டிருந்தால், அக்கேள்வி முறைப்படி கேட்கப்பட்டிருக்க வேண்டும். நோய் எவ்வளவு கடுமையானது, எத்தனை ஆண்டுகள் வராதிருந்தது, வருமானால் முன்னறிகுறி தெரியுமா, தெரிந்தால் அவர் பிறரிடம் சொல்வாரா என்பன ஆராயப்பட்டிருக்க வேண்டும். தலைவர் கடமையாற்ற இயலாத நிலையை அடைந்தால் அதிகாரத்தை மாற்றுவதற்கு 1967இல் நிறைவேறிய இருபத்தைந்தாம் திருத்தம் வழி வகுத்திருந்தது. அதுவும் இந்த எடையில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பத்திரிகையின் ஓசை இவற்றுக்கு அவகாசம் அளிக்கவில்லை. வேட்பாளரும் அவகாசத்தைக் கேட்டுப் பெறவில்லை.

4. நோயும் மறைத்தலும்

ஈகிள்டனிடம் குறையேதுமில்லை என்று நாம் கூறவில்லை. தொலைபேசியில் அவர் அளித்த விடை உண்மையான விடையன்று. நோய் குற்றமன்று, ஆகவே அதனைச் சங்கடமான செய்தி என்று தாம் கருதவில்லை என அவர் தரப்பில் சொல்லப்படலாம். ஆனால் முன்னர் அதனை வேறு பெயர்களால் மறைத்திருந்தவர், அது சங்கடமான செய்தி என்பதை நன்கு அறிந்தே இருந்தார். தம் பெயரோடு தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் ஒருவரிடம் அதனைச் சொல்லும் கடமை அவருக்கு இருந்தது. 2007இல் பத்திரிகையாளர் ராபர்ட் நோவாக் வெளியிட்ட மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. 1972 வேனிற்காலத்தில், மெக்கவர்னின் கொள்கைகளை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று பெயர் வெளியிடாமல் அவரிடம் கூறிய செனட்டர் ஈகிள்டனே என்பது அவர் இறந்தபின் தெரியவந்தது. தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் இடையே இருக்க வேண்டிய நம்பிக்கையை ஆராய்ந்திருந்தால், நோயைக் காட்டிலும் இதுவே பொருட்படுத்தத்தக்கதாக இருந்திருக்கும். ஆனால் நோய்ச் செய்தியின் பேரொலியில் இத்தகைய கேள்விகளுக்கு இடமில்லாமற் போயிற்று.

மறைத்தலைக் குற்றம் சொல்லும் நாம், எது மறைக்கத் தூண்டியது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வரலாற்றில் நோயை மறைத்தவர் ஈகிள்டன் மட்டுமல்லர். 1919 அக்டோபரில் வுட்ரோ வில்ஸன் பக்கவாதத்தால் தாக்குண்டபோது அவர் நிலையின் கடுமை மாதக்கணக்கில் நாட்டுக்கு மறைக்கப்பட்டது. 1944இல் நான்காம் முறை போட்டியிட்ட ரூஸ்வெல்ட்டின் இதய நோயை மருத்துவர் அறிந்திருந்தனர், வாக்காளர் அறியவில்லை. 1960இல் ஜான் கென்னடிக்கு இருந்த அடிசன் நோயை அவரைச் சார்ந்தோர் மறுத்தனர். இவர்கள் உடல் நோயை மறைத்தனர். பின்னர் வரலாற்றாசிரியர் அதனை மன்னித்தும் எழுதினர். ஈகிள்டனின் நோய் உள்ளத்தைச் சார்ந்தது என்பதாலேயே மன்னிப்புக்கு அப்பாற்பட்டதாகக் கொள்ளப்பட்டது. ஆபிரகாம் லிங்கன் கடும் மனச்சோர்வுக்கு உள்ளானவர் என்பதை அந்நாட்டுப் பள்ளி மாணவரும் அறிவர். சிகிச்சை இல்லாத காலத்தில் சோர்வைத் தாங்கியவர் பெரியவராகப் போற்றப்படுகிறார். சிகிச்சை கிடைத்த காலத்தில் அதனை நாடிச் சென்றவர் சந்தேகத்துக்கு உரியவராகிறார். இம்முரண்பாடு நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். தம் பலவீனத்தை அறிந்து உரிய காலத்தில் உதவி நாடியது, தகுதிக்கு எதிரான சான்றா, தகுதிக்குச் சார்பான சான்றா?

மருத்துவத் துறையும் இவ்வகையில் ஒரு பாடத்தைக் கற்றிருந்தது. 1964இல் "ஃபேக்ட்" என்னும் இதழ் 12,356 மனநோய் மருத்துவருக்குக் கடிதம் அனுப்பி, குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் தலைவராவதற்கு உள்ளத் தகுதி உடையவரா என்று வினவியது. விடையளித்த 2,417 பேரில் 1,189 பேர் தகுதியற்றவர் என்றனர். கோல்ட்வாட்டர் வழக்குத் தொடுத்து வென்றார். தாம் நேரில் பரிசோதிக்காத பொதுவாழ்வினரைப் பற்றி மனநோய் மருத்துவர் கருத்து வெளியிடலாகாது என்னும் நெறியை அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1973இல் வகுத்தது. பயிற்சி பெற்ற மருத்துவர்களே தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்லலாகாதென்றால், ஒரு கிழமைக்குள் தீர்ப்பெழுதிய பத்தி எழுத்தாளரைப் பற்றி என் சொல்வது!

5. தகுதியுடையவராகக் கொள்ளப்பட்ட மற்றொருவர்

இத்திறனாய்வு நிறைவுபெற வேண்டுமானால் அதே ஆண்டில் அதே பதவிக்கு நின்ற மற்றொரு வேட்பாளரையும் நோக்க வேண்டும். அவர் அப்போது பதவியிலிருந்த துணைத் தலைவர் ஸ்பைரோ ஆக்னியூ. அவருடைய உடல்நலத்தைப் பற்றியோ உள்ளநலத்தைப் பற்றியோ எவருக்கும் ஐயம் எழவில்லை. ஒழுங்கையும் சட்டத்தையும் பற்றி அவர் மேடைதோறும் முழங்கினார். 1972 நவம்பரில் நிக்ஸனோடு சேர்ந்து 49 மாநிலங்களின் ஆதரவால் மீண்டும் தெரிந்துகொள்ளப்பட்டார்.

ஓராண்டு செல்லுமுன் உண்மை வெளிப்பட்டது. மேரிலாந்து மாநிலத்தில் பதவி வகித்த காலம் தொடங்கி, அரசுப் பணி ஒப்பந்தங்களைப் பெற்றவர்களிடமிருந்து அவர் கையூட்டுப் பெற்று வந்தார் என்றும், துணைத் தலைவரான பின்னரும் அப்பணம் அவருக்கு வந்துகொண்டிருந்தது என்றும் அரசு வழக்கறிஞர்கள் சான்றுகளோடு கூறினர். 1973 அக்டோபர் 10 அன்று அவர் பதவி விலகினார். 1967ஆம் ஆண்டின் வருமானவரி ஏய்ப்புக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் தண்டனையை ஏற்றார்; 10,000 டாலர் அபராதமும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. பின்னர் மேரிலாந்தின் வரி செலுத்துவோர் தொடுத்த வழக்கின் விளைவாக 1983இல் 2,68,482 டாலரை அம்மாநிலத்துக்குச் செலுத்த நேர்ந்தது.

இவ்விருவரையும் அருகருகே வைத்து நோக்குவோம். ஒருவர் நோயுற்றுச் சிகிச்சை பெற்றவர். பொதுப்பணத்தில் கைவைத்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழவில்லை. மற்றவர் நலமுடையவர், தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட அதிகாரத்தை விற்றவர். 1972ஆம் ஆண்டின் அளவுகோல் முதலாமவரைத் தள்ளி இரண்டாமவரை ஏற்றது. அளவுகோலிலேயே பிழை இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. ஆக்னியூவைப் பற்றிய உண்மை அப்போது வெளியே தெரியவில்லை என்று சிலர் விடை கூறலாம். தெரியாததற்குக் காரணம், ஏற்கெனவே பதவியில் இருப்பவரை ஆராயும் கடமை யாருக்கும் தோன்றாமையே.

6. பிற்காலத்து மாற்றங்கள்

ஆக்னியூவின் வீழ்ச்சி ஒரு நன்மைக்கு வழி திறந்தது. இருபத்தைந்தாம் திருத்தத்தின்படி புதிய துணைத் தலைவர் காங்கிரஸின் இரு அவைகளாலும் ஏற்கப்பட வேண்டும். நிக்ஸன் 1973 அக்டோபர் 12 அன்று ஜெரால்ட் ஃபோர்டின் பெயரை அறிவித்தார். விரிவான விசாரணைக்குப் பின் செனட் 92க்கு 3 என்ற வாக்குகளாலும், பிரதிநிதிகள் அவை 387க்கு 35 என்ற வாக்குகளாலும் அவரை ஏற்றன. அதற்கு ஏறக்குறைய எட்டு வாரங்கள் ஆயின. எட்டு மாதங்களில் அவர் தலைவராகவும் நேர்ந்தது. பொதுமக்கள் காண, கேள்வி கேட்டு, விடை பெற்று, காலமெடுத்து ஆராய்வது இயலாததன்று என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் கட்சிகள் வேட்பாளரைத் தெரிந்துகொள்ளும் முறையில் ஏற்பட்ட மாற்றம் வேறு வகையானது. 1972க்குப் பின் வேட்பாளரின் வருமானவரிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, குடும்ப வாழ்வு ஆகிய யாவற்றையும் வழக்கறிஞர் குழுக்கள் துருவி ஆராய்வது வழக்கமாயிற்று. ஆயினும் 1984இல் ஜெரால்டின் ஃபெராரோவின் கணவருடைய பணவிவகாரங்களும், 1988இல் டான் குவேலின் படைச்சேவை பற்றிய செய்தியும் அறிவிப்புக்குப் பின்னரே பெரும் விவாதமாயின. 2008இல் ஜான் மெக்கெய்ன் அலாஸ்கா கவர்னர் சாரா பேலினை மிகக் குறுகிய அறிமுகத்தோடு தெரிந்துகொண்டபோது, அவருக்கு உலக விவகாரங்களில் போதிய அறிவு உண்டா என்னும் வினா தேர்தல்வரை ஓயவில்லை. துருவி ஆராயும் குழுக்கள் பெரும்பாலும் இரண்டாம் கேள்விக்கே விடை தேடுகின்றன. கட்சிக்குத் தீங்கு செய்யும் செய்தி உண்டா என்று அறிவதே அவற்றின் நோக்கம். மூன்றாம் கேள்வி இன்னும் பெரும்பாலும் தற்செயலுக்கே விடப்பட்டுள்ளது.

7. நமது மதிப்பீடு

திருச்சபையும் மனிதரைப் பொறுப்புகளுக்குத் தெரிந்துகொள்கிறது. இவ்விதழின் வாசகருள் பலர் அத்தகைய தெரிவுக்குழுக்களில் அமர்ந்திருப்பர், அல்லது ஒருநாள் அக்குழுக்களின்முன் நிற்பர். ஆகவே வேத ஆதாரமொன்றை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம், கண்காணிகளையும் உதவிக்காரரையும் பற்றிக் கூறும்போது பண ஆசையைப் பற்றியும், நாவடக்கத்தைப் பற்றியும், புறம்பானவர்கள் தரும் சாட்சியைப் பற்றியும், முன்னதாகச் சோதிக்கப்படுவதைப் பற்றியும் பேசுகிறது. நோயற்ற உடல் அங்கு நிபந்தனையாகக் கூறப்படவில்லை. அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவர்மேலும் அவசரமாகக் கைகளை வைக்கலாகாது என்னும் எச்சரிக்கை வருகிறது. அதை அடுத்த வசனமோ, தீமோத்தேயுவின் வயிற்று நோயையும் அவருக்கு அடிக்கடி நேரும் பலவீனங்களையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அதற்கு ஒரு மருந்தையும் சொல்கிறது. பதவியில் இருப்பவருடைய நோய் அங்கு மறைக்கப்படவுமில்லை. அதனால் அவர் அகற்றப்படவுமில்லை. அவசரமே கண்டிக்கப்படுகிறது. 1972 ஜூலையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அவசரத்தை எவரும் கண்டிக்கவில்லை. நோயே தண்டனை பெற்றது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்துத் தகுதியை மதிப்பிடுவோர் மூன்று செய்திகளைக் கைக்கொள்ள வேண்டுமெனக் கருதுகிறோம். முதலாவது, இதுவரை ஒப்புவிக்கப்பட்ட அதிகாரத்தை அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். இது ஆக்னியூவை வெளிப்படுத்தியிருக்கும். இரண்டாவது, உண்மை தமக்கு இழப்பை விளைவிக்கும்போது அவர் அதனைச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். இதில் ஈகிள்டன் தவறினார். ஆயிரம் விழுக்காடு ஆதரவு என்று சொல்லிச் சில நாட்களில் கைவிட்ட மெக்கவர்னும் தவறினார். மூன்றாவது, தம் பலவீனத்தை அறிந்து, அதற்குரிய உதவியை ஏற்கும் அடக்கம் அவரிடம் உண்டா என்று பார்க்க வேண்டும். இதில் ஈகிள்டன் பெற்றிருக்கக்கூடிய மதிப்பை, மறைத்தலினால் அவரே இழந்தார்.

நான்காவதாக ஒன்று மதிப்பிடுவோர்மீதே விழுகிறது. உண்மையைச் சொன்னால் இழப்பு நிச்சயம் என்று கண்டவர் உண்மையைச் சொல்லத் தயங்குவர். 1972இல் ஈகிள்டன் ஜூலை 13 அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் தெரிந்துகொள்ளப்பட்டிருக்கமாட்டார் என்பது ஏறக்குறைய உறுதி. "டைம்" வார இதழ் அக்காலத்தில் நடத்திய கருத்துக்கணிப்பில், அவருடைய மருத்துவ வரலாறு தங்கள் வாக்கை மாற்றாது என்று 77 விழுக்காட்டினர் தெரிவித்தனர். அஞ்சியவர்கள் வாக்காளரைவிடத் தலைவர்களே. தெரிவுக்குழுவின்முன் நிற்கும் ஊழிய மாணவரும், சபையின்முன் நிற்கும் ஆயரும் அதே அச்சத்தோடு தங்கள் உள்ளத்தின் நோயை வயிற்று நோய் என்று சொல்ல நேரிடுமானால், அப்பொய்யில் கேட்போருக்கும் பங்குண்டு.

மெக்கவர்ன் பிற்காலத்தில், மீண்டும் அந்த வாய்ப்பு வருமானால் ஈகிள்டனைக் கைவிடாமல் வைத்துக்கொண்டிருப்பேன் என்னும் கருத்தை வெளியிட்டார். அவருடைய மகள் டெரி மனச்சோர்வாலும் குடிநோயாலும் நெடுங்காலம் துன்புற்று, 1994இல் உயிரிழந்தார். அவளுடைய வாழ்வைப் பற்றி அவர் 1996இல் ஒரு நூல் எழுதி, மறைக்கப்படும் நோயைப் பகிரங்கமாகப் பேசினார். 1972இல் ஒரு கிழமைக்குள் அவசரமாக முடிக்கப்பட்ட கேள்விக்கு, இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு தந்தையாக அவர் பொறுமையோடு விடை தேடினார் என்று கொள்ளலாம். தெரிவுக்குழுக்களில் அமரும் நாம் அந்தப் பொறுமையை முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும். நம்முன் நிற்பவரிடம் மூன்றாம் கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்கு அவர் அஞ்சாமல் விடையளிக்கும் இடத்தையும் நாமே ஏற்படுத்தித் தரவேண்டும்.